வண்டி கிளம்பிவிட்டது

“மாமா, எங்க வீட்டுக்கு மட்டும் ஏன் தப்புப் போட்டிருக்கீங்க? நாங்க என்ன தப்பா எழுதினோம்?”

நான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு சிறுமி என்னிடம் இப்படிக் கேட்டாள். தையல்காரரின் மகள். அப்போது இரண்டாம் வகுப்பு. நான் அவர்கள் வீட்டு வாசலில் நின்று வாக்காளர் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் முழங்கைக்குக் கீழே தலையை நுழைத்து எட்டிப் பார்த்தாள். நோட்டில் ஆசிரியை போடுகிற சரியும் தப்பும் பழகிய கண். பக்கம் முழுக்கச் சரியாக இருக்க, தன் வீட்டு எண்ணுக்கு நேரே மட்டும் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி இருந்தால் கேட்கத்தானே செய்வாள்.

“அது தப்பு இல்ல கண்ணு. அடுத்த தடவை உங்க வீட்டைத்தான் முதல்ல பார்க்கணும்னு ஒரு அடையாளம்” என்றேன்.

அவள் உள்ளே ஓடி, “அம்மா, நாமதான் முதல்லயாம்” என்றாள். அவள் அம்மா ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சிரித்தார். வெயிலில் வந்திருக்கிறேன் என்று ஒரு டம்ளர் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தார். குழந்தைகள் மனம் நோகப் பேசக் கூடாது என்பதில் நான் எப்போதும் கவனமாக இருப்பேன்.

ஐயா, நீங்கள் கட்சித் தலைமையிலிருந்து வந்திருக்கிறீர்கள். முப்பத்தோரு வருடமாக நம்மிடம் இருந்த நாடாளுமன்றத் தொகுதி, நாம் ஆட்சியில் இருக்கும்போதே, இந்த இடைத்தேர்தலில் 611 ஓட்டில் ஏன் போயிற்று என்று ஒவ்வொரு பொறுப்பாளரையும் எழுதித் தரச் சொன்னீர்கள். மற்றவர்கள் வெயில் என்று எழுதியிருப்பார்கள். உள்ளடி வேலை என்று எழுதியிருப்பார்கள். இறந்துபோன உறுப்பினருக்குப் பதிலாக அவருடைய தம்பியை நிறுத்தியது பிடிக்கவில்லை என்று யாராவது தைரியமாக எழுதியிருந்தாலும் எழுதியிருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தோல்விக்குக் காரணம் நான். அதை ஒழுங்காகச் சொல்ல வேண்டுமென்றால் அந்தக் குழந்தையின் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் தபால் நிலையத்தில் கடிதம் பிரித்தவன். இருபத்தெட்டு வருடம் அந்த வேலை. முகவரியைப் பார்த்ததும் கை தானாக எந்தப் பெட்டிக்குப் போக வேண்டுமோ அந்தப் பெட்டிக்குப் போகும். ஓய்வு பெற்ற பிறகு கட்சியில் மூன்று வார்டுகளின் வாக்காளர் பட்டியலை என்னிடம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு என் பெயரை யாரும் சொல்வதில்லை. எல்லோருக்கும் நான் “பட்டியல்”தான். முன்பு டயர் கடையாக இருந்த அறைதான் எங்கள் வார்டு அலுவலகம். இன்னும் ரப்பர் வாசனை போகவில்லை. ஒரு மேசை, ஒரு தொலைபேசி, ஒரு சுவர்க் கடிகாரம், தெருவைப் பார்த்த ஜன்னல். தினமும் காலையில் கடவுளைக் கும்பிட்டு, இன்று யாருக்காவது உபகாரமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் அந்த நாற்காலியில் உட்காருவேன்.

பட்டியலில் மூன்று அடையாளங்கள். நம்முடைய வீட்டுக்குச் சரி. அவர்களுடைய வீட்டுக்குத் தப்பு. புரியாத வீட்டுக்கு வட்டம். யாரிடமும் நேராகக் கேட்க முடியாது. கேட்டால் எல்லோரும் “உங்களுக்குத்தான்” என்பார்கள். ஆகவே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். என்ன பத்திரிகை வாங்குகிறார்கள், சுவரில் யார் கொடுத்த நாள்காட்டி, நம்மைக் கண்டதும் உட்காரச் சொல்கிறார்களா, நிற்க வைத்தே பேசுகிறார்களா. தையல்காரர் உட்காரச் சொல்கிறவர்தான். ஆனால் அவருடைய மெஷினுக்குப் பக்கத்தில் எதிர்க்கட்சி நிறத்தில் துணிக்கட்டு இருந்தது. அவர்களுக்குக் கொடி தைத்துக்கொண்டிருந்தார். போன தேர்தலில் நமக்கும் தைத்தார் என்பது எனக்குத் தெரியும். ஆர்டர் கொடுத்தால் யாருக்கும் தைப்பவர். வட்டம் போட்டிருக்கலாம். ஆனால் கொடிகள் இருநூறுக்கு மேல் இருந்தன. ஆகவே தப்புப் போட்டேன்.

இனி ஆம்புலன்ஸ்.

ஆறு வருடங்களுக்கு முன்பு நம் உறுப்பினர், பெரியவர், இந்த மூன்று வார்டுகளுக்கும் ஒரு இலவச ஆம்புலன்ஸ் கொடுத்தார். இரண்டு பக்கமும் அவர் படம். பெரிய ஆஸ்பத்திரியின் வண்டி வர முக்கால் மணி நேரம் ஆகும். நம் வண்டி பத்தே நிமிடம். அதன் தொலைபேசி என் மேசையில் இருந்தது. சாவியைக் கொடுத்த அன்று பெரியவர் என் தோளில் கை வைத்து, “பட்டியல், யாருக்கும் இல்லைன்னு மட்டும் சொல்லிடாதய்யா. இல்லைங்கற வார்த்தையை ஜனங்க மறக்கவே மாட்டாங்க” என்றார். அதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். இந்த ஆறு வருடத்தில் அந்தத் தொலைபேசியில் நான் ஒருவருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. நீங்கள் வீடு வீடாகப் போய் விசாரித்துக்கொள்ளலாம்.

முதல் சில மாதங்களிலேயே ஒரே நேரத்தில் இரண்டு அழைப்புகள் வந்தன. ஒரு பக்கம் ரொட்டிக் கடைக்காரருடைய அம்மா, கீழே விழுந்து இடுப்பு. இன்னொரு பக்கம் கடிகாரம் பழுதுபார்க்கிறவர், நெஞ்சில் வலி. வண்டி ஒன்று. யாருக்கு அனுப்புவது என்பதற்கு ஏதாவது முறை வேண்டும் அல்லவா? மேசையில் பட்டியல் திறந்திருந்தது. ரொட்டிக் கடைக்குச் சரி. கடிகாரக்காரருக்குத் தப்பு. வண்டியை ரொட்டிக் கடைக்கு அனுப்பினேன். கடிகாரக்காரரின் மகன் தொலைபேசியில் அழுதுகொண்டிருந்தான். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “வண்டி கிளம்பிடுச்சுப்பா, பதறாதே” என்றேன்.

அந்தப் பையனின் குரல் உடனே தணிந்தது. “ரொம்ப நன்றிங்க மாமா” என்றான். ஒரே ஒரு வார்த்தை ஒரு மனிதனை எவ்வளவு ஆறுதல்படுத்துகிறது என்று அன்றுதான் பார்த்தேன். அது பொய்யும் இல்லை. வண்டி கிளம்பித்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அதுவே முறை ஆகிவிட்டது. சரி போட்ட வீட்டுக்கு உடனே. வட்டத்துக்கு அடுத்தபடி. தப்புப் போட்ட வீட்டுக்கு, வேறு யாரும் கூப்பிடாமல் இருந்தால், ஒரு கால் மணி நேரம் பார்த்துவிட்டு. சரி போட்ட வீட்டிலிருந்து எந்த நிமிடமும் அழைப்பு வரலாம். அப்போது வண்டி இல்லாமல் போகக் கூடாது. ஆனால் எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். வித்தியாசம் பார்த்ததில்லை. வண்டி கிளம்பிவிட்டது.

தப்புப் போட்ட வீடுகளிலிருந்து, இந்த இடைத்தேர்தல் நாளுக்கு முன்புவரை, ஆறு வருடத்தில் நாற்பத்து மூன்று அழைப்புகள். முப்பத்தொரு தடவை வண்டி போனது. மீதிப் பன்னிரண்டில் ஏழு பேர் பிழைத்துக்கொண்டார்கள். ஏழு பேரில் மூன்று பேர் பிறகு என்னைத் தெருவில் பார்த்து வண்டிக்காக நன்றியும் சொன்னார்கள். வழியில் ஏதோ தடங்கல் போலிருக்கிறது, நாங்களே சமாளித்துவிட்டோம் என்றார்கள். நம் ஜனங்கள் நல்லவர்கள்.

இடைத்தேர்தல் அன்று நிலைமை உங்களுக்கே தெரியும். எதிர்த்து நின்றவர் ஒரு ஓய்வுபெற்ற நர்ஸ். மூன்று வார்டிலும் பாதிப் பேருக்கு அவர் கையால் ஊசி போட்டிருக்கிறார். எல்லோருக்கும் அவர் “ஊசியம்மா”. கூட நான்கு பேர், கையில் ஒரு குடை. அவ்வளவுதான் அவர் பிரச்சாரம். நம் ஆட்கள் ஆரம்பத்தில் சிரித்தார்கள். “ஓட்டுக் கேக்க வந்தா சட்டைக் கையை இறக்கி விட்டுக்குங்கப்பா, பழக்க தோஷத்துல குத்திடப் போறாங்க” என்று நானே ஒரு கூட்டத்தில் பேசிக் கைதட்டல் வாங்கினேன். கடைசி வாரம் யாரும் சிரிக்கவில்லை. பெரியவரின் தம்பி, நம் வேட்பாளர் சின்னவர், அரை மணிக்கு ஒரு தடவை என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

“பட்டியல், உன் பக்கம் எத்தனை சதவீதம்?”

“பத்து மணிக்கு இருபத்திரண்டுங்க.”

“போதாதுய்யா. உன் வார்டு கவுந்தா நான் கவுந்தேன். எங்க அண்ணன் முகத்துக்காகவாவது ஆளுங்களை இழுத்துட்டு வா.”

வாக்காளர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகக் கூடாது என்பது விதி. நோயாளிகளை ஏற்றக் கூடாது என்று விதி இல்லை. எண்பது வயதுக்கு மேல் எல்லோருக்கும் ஏதாவது ஒரு வியாதி இருக்கத்தான் செய்கிறது. ஆகவே அன்று ஆம்புலன்ஸ் காலை ஏழு மணியிலிருந்து சரி போட்ட வீட்டுப் பெரியவர்களை வாக்குச்சாவடிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தது. வண்டி ஓட்டுகிறவனுக்கு “அவசரம்” என்று பெயர். உண்மையில் நிதானமான பிள்ளை. எப்போதும் வேகமாகப் போக வேண்டிய வேலை என்பதால் நண்பர்கள் வைத்த பெயர்.

பத்து இருபதுக்குத் தையல்காரர் கூப்பிட்டார்.

“அண்ணே, என் வீட்டுக்காரிக்கு மூச்சு முட்டுது. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டா. வேர்த்துக் கொட்டுது. வண்டி அனுப்புங்கண்ணே.”

அவசரம் ஜன்னலுக்கு வெளியே வண்டியில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். தையல்காரர் வீடு நாலு நிமிடம். பட்டியலைத் திருப்பிப் பார்த்தேன். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த வீடு எனக்கு மனப்பாடம். எதிர்ப்பக்கத் தெருவில் நான்கு பேர் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். நான்கும் சரி. பதினோரு மணிக்கு மேல் வெயில் ஏறிவிட்டால் வர மாட்டார்கள்.

“வண்டி கிளம்பிடுச்சு தம்பி. கவலைப்படாதீங்க. அவங்களை நேரா உக்கார வைங்க” என்றேன். பிறகு ஜன்னல் வழியாக அவசரத்திடம் எதிர்ப்பக்கத் தெருவுக்குப் போகச் சொன்னேன்.

இன்னொன்றும் அப்போது தோன்றியது. அதை மறைத்தால் இந்த வாக்குமூலத்துக்கு அர்த்தம் இல்லை. வண்டிக்காகக் காத்திருக்கும்வரை அவர்கள் இரண்டு பேரும் வாக்குச்சாவடிக்கு வர மாட்டார்கள் என்று தோன்றியது. இரண்டு தப்பு வராமல் இருப்பது இரண்டு சரி வருவதற்குச் சமம். நான் இதைத் திட்டமிடவில்லை. தபால் பிரிக்கிறபோது கை போவதுபோல மனம் அங்கே போயிற்று.

பத்து நாற்பதுக்கு மறுபடி மணி அடித்தது. இந்தத் தடவை குழந்தை பேசினாள். இப்போது அவளுக்குப் பதினொரு வயது. குரல் வளர்ந்திருந்தது, ஆனால் என்னைக் கண்டுபிடித்துவிட்டாள்.

“பட்டியல் மாமாவா? மாமா, வண்டி எங்க வருது?”

“கிட்ட வந்துடுச்சு கண்ணு.”

“நான் தெரு முனையில போய் நிக்கட்டுமா? டிரைவர் மாமாவுக்கு வீடு தெரியாம போயிடும்.”

“நில்லு கண்ணு. நின்னா நல்லது.”

நல்ல பிள்ளை. போய் நின்றிருக்கிறாள். வெயிலில் அரை மணி நேரத்துக்கு மேல் நின்றதாகப் பிறகு சொன்னார்கள்.

பதினோரு மணிக்கு அவசரம் திரும்பி வந்தான். அடுத்து அழைத்து வர வேண்டியவர் ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் குளித்துக்கொண்டிருப்பதாகவும் பத்து நிமிடம் ஆகும் என்றும் மருமகள் தகவல் சொன்னாள். வண்டி அலுவலக வாசலில் நின்றது. பதினொன்று ஐந்துக்கு மூன்றாவது தடவை தொலைபேசி. தையல்காரர்.

“அண்ணே, வரலையேண்ணே. அவளுக்கு உதடு நீலமாப் போகுது. வாசல்ல பால் வண்டி ஒண்ணு நிக்குது. அதுல தூக்கிட்டுப் போயிடட்டுமா? சொல்லுங்கண்ணே, நீங்க சொல்றபடி செய்யறேன்.”

ஜன்னல் வழியாக நம் வண்டியின் பின்கதவைப் பார்த்துக்கொண்டே பேசினேன். கதவு திறந்திருந்தது. உள்ளே காலியான படுக்கை, மடித்து வைத்த போர்வை, பச்சைநிற ஆக்ஸிஜன் குழாய். எல்லாம் சுத்தமாக இருந்தது. நான்தான் வாரம் ஒரு தடவை கழுவச் சொல்வேன்.

“பால் வண்டியில எல்லாம் ஏத்தாதீங்க. குலுங்கும். உங்க தெருவுக்குள்ள திரும்பிட்டிருக்கு. ரெண்டே நிமிஷம்” என்றேன்.

அவசரம் தலையை உள்ளே நீட்டினான். “அண்ணே, யாரு போன்ல? யாருக்காவது முடியலையா? வண்டி சும்மாதானே நிக்குது, ஒரு எட்டுப் போயிட்டு வந்துடறேன்.”

“ஒண்ணுமில்ல. பட்டியல்ல ஒரு சந்தேகம் கேக்கறாங்க” என்றேன்.

பன்னிரண்டு நிமிடம் வண்டி அங்கே நின்றது. பதினொன்று பதினேழுக்குத் தலைமையாசிரியர் தயார் என்று சொன்னார்கள். அவசரம் போனான். அதற்குப் பிறகு தையல்காரர் வீட்டிலிருந்து அழைப்பு வரவில்லை. சரியாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, மனதுக்குள் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

பால் வண்டிக்காரர் யார் சொல்லையும் கேட்காமல் அந்த அம்மாவைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டது. அரை மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, தையல்காரரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாராம். தெரு முனையில் நின்ற குழந்தை, பால் வண்டி தன்னைத் தாண்டிப் போனபோது உள்ளே யார் என்று பார்க்கவில்லை. அவள் ஆம்புலன்ஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு மணிக்கு, சாவுச் செய்தி கேட்டு, அவசரம் அலுவலகத்துக்குள் வந்தான். வண்டிச் சாவியை மேசைமேல், பட்டியலுக்கு மேலே வைத்தான்.

“பதினொண்ணு அஞ்சுக்குப் போன்ல இருந்தது யாருண்ணே?”

நான் சாவியை எடுத்து மேசை ஓரத்தில் வைத்தேன்.

“அந்தப் பொண்ணு முனையில நிக்கறதை நான் ரெண்டு தடவை பார்த்தேன்ணே. கையை ஆட்டிச்சு. ஏதோ விளையாட்டுக்கு ஆட்டுதுன்னு நானும் கையை ஆட்டிட்டுப் போனேன்.”

அவன் கத்தவில்லை. அழவும் இல்லை. “உட்காரு, தண்ணி குடி” என்றேன். போய்விட்டான். நேராக வாக்குச்சாவடி வரிசைக்குப் போய் நின்றிருக்கிறான். பேசத் தெரியாத பிள்ளை. முன்னால் நின்றவரிடமும் பின்னால் நின்றவரிடமும் ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்லியிருக்கிறான்: “வண்டி சும்மாதான் நின்னுச்சு.”

அது போதுமாக இருந்தது. வரிசையில் கடிகாரக்காரரின் மகன் நின்றிருந்தான். இப்போது அவன் பெரிய ஆள். “எங்க அப்பாவுக்கும் கிளம்பிடுச்சுன்னுதான் சொன்னாரு” என்றிருக்கிறான். இன்னொரு அம்மா, “என் தங்கச்சிக்கும் அதேதான்” என்றிருக்கிறார். ஆறு வருடமாக இந்த ஜனங்கள் ஒருவரோடு ஒருவர் இதைப் பேசிக்கொண்டதே இல்லை, ஐயா. அவரவர் வீட்டில் அவரவர் தலைவிதி என்று நினைத்துக்கொண்டு இருந்துவிட்டார்கள். ஒரே வரிசையில் வெயிலில் ஒரு மணி நேரம் நிற்க வைத்ததும் பேசிவிட்டார்கள். பிறகு செய்தி தொலைபேசியில் அடுத்த வார்டுகளுக்குப் போயிற்று.

மதியம் மூன்று மணிக்கு நான் தையல்காரர் வீட்டுக்குப் போனேன். ஒரு சாவு வீட்டுக்குப் போகாமல் இருப்பது என் வளர்ப்பு இல்லை. தெருவில் ஆட்கள் விலகி வழி விட்டார்கள். யாரும் கை ஓங்கவில்லை. தையல் மெஷின்மேல் ஒரு வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. ஊசியம்மா அங்கே இருந்தார். தேர்தல் நாளில் வேட்பாளர் ஒரு வீட்டில் இரண்டு மணி நேரம் உட்காரலாமா? உட்கார்ந்திருந்தார். குழந்தையின் தலை அவர் மடியில் இருந்தது. அவருடைய கட்சிக்காரர்கள் இரண்டு பேர் புகைப்படக்காரர் ஒருவரோடு வாசலுக்கு வந்தார்கள். தெருவே கொதித்துக்கொண்டிருக்கிறது, நீங்கள் இரண்டு வார்த்தை பேசினால் போதும் என்றார்கள்.

“இது சாவு வீடு. இங்க யாரும் ஓட்டுப் பொறுக்க வேண்டாம். போங்க” என்றார் ஊசியம்மா. குரலை உயர்த்தவே இல்லை. பிறகு குழந்தையின் செருப்பைக் கழற்றி, வெயிலில் கொப்பளித்திருந்த பாதத்தை ஈரத்துணியால் துடைத்தார்.

அந்த ஒரு வார்த்தைதான் நம்மைத் தோற்கடித்தது என்பது என் கணிப்பு. பேசியிருந்தால் அரசியல் என்று பாதிப் பேர் ஒதுங்கியிருப்பார்கள். பேசாதது தெரு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. அவர் அதைத் தெரிந்து செய்தாரா என்று நான் ரொம்ப நேரம் யோசித்தேன். தெரிந்து செய்ததாகத் தெரியவில்லை. இப்படிப்பட்டவர்களோடு போட்டி போடுவது கஷ்டம்.

தையல்காரர் என்னைப் பார்த்தார். உட்காரச் சொன்னார். பழக்கம்.

“அண்ணே, வராதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்றார். “பால் வண்டி பத்தரை மணியிலிருந்தே வாசல்ல நின்னுச்சு. வராதுன்னு சொல்லியிருந்தீங்கன்னா அப்பவே போயிருப்பேன். வரும் வரும்னு உக்காந்திருந்தேன். உங்க வார்த்தையை நம்பி உக்காந்திருந்தேன்.”

ஆறு வருடத்தில் முதல்முறையாக ஒருவர் என்னிடம் இல்லை என்ற வார்த்தையைக் கேட்டார். பெரியவர் உயிரோடு இருந்திருந்தால் இதற்கு என்ன பதில் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியவில்லை.

“நீங்க அந்தப் பக்கம்னு…” என்று தொடங்கினேன். எப்படி அந்த வார்த்தை வந்தது என்று தெரியவில்லை.

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மெஷினைப் பார்த்தார். “நான் கூலிக்குத் தைக்கறவன். அவ யாருக்குப் போடுவான்னு எனக்கே தெரியாது. பதினஞ்சு வருஷமாக் கேட்டுப் பார்த்தேன். அது என் ஒருத்திக்கு மட்டும் சொந்தமான விஷயம், அதுல நீங்க மூக்கை நுழைக்காதீங்கன்னு சிரிப்பா. காலையில குளிச்சுட்டு, நல்ல புடவை கட்டிக்கிட்டு, அடையாள அட்டையை எடுத்து மெஷின் மேல வெச்சிருந்தா. பத்தரைக்குப் போகலாம்னு சொல்லிட்டிருந்தா.”

அட்டை இன்னும் அங்கேயே இருந்தது.

ஐந்து மணிக்குத் தையல்காரர் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஓட்டுப் போட வந்தார். வரிசை முழுக்க ஒதுங்கி அவரை முன்னால் அனுப்பியது. நான் சரி போட்டிருந்த வீட்டுக்காரர்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்கள். காலையில் நம் வண்டியில் வந்து நமக்கு ஓட்டுப் போட்டுவிட்டுப் போன தலைமையாசிரியர், மாலையில் நடந்தே திரும்பி வந்து, போட்ட ஓட்டை மாற்றிப் போட முடியுமா என்று அதிகாரியிடம் கேட்டாராம். முடியாது என்று சொன்னதும் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாராம். போன தேர்தலில் என் மூன்று வார்டுகளும் நமக்கு 1,900 ஓட்டு முன்னணி கொடுத்தன. இந்தத் தடவை 240 ஓட்டுப் பின்தங்கின. மீதியை நீங்களே கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். தொகுதி போனது அங்கேதான்.

ஆக, காரணம் இதுதான், ஐயா. வண்டியை நான் அனுப்பவில்லை. அனுப்பியதாகச் சொன்னேன். மூன்று தடவை சொன்னேன். அந்தத் தாய் இறந்தது அதனால்தான். அவருக்கு முன்னால் ஐந்து பேர் இறந்ததும் அதனால்தான் என்று காவல்துறை கேட்டால் மறுக்க மாட்டேன். இதன் ஒரு பிரதியை அவர்களுக்கும் கொடுத்திருக்கிறேன். நீங்கள் கேட்டது தோல்வியின் காரணத்தை மட்டும்தான் என்பதால் இதில் அடிக்கோடு எதுவும் போடவில்லை.

இனி மீதி இருப்பது ஒரு சின்ன விஷயம். கட்சி விதிப்படி அதற்கு என்னை நீக்க வேண்டியிருக்கும். அதற்கும் தயாராகத்தான் எழுதுகிறேன்.

மாலை ஐந்து ஐம்பதுக்கு நான் ஓட்டுப் போடப் போனேன். வரிசை காலியாகியிருந்தது. அதிகாரி என் விரலில் மை வைத்தார். அட்டைத் தடுப்புக்குள் போய் நின்றேன். வெளியே பெஞ்சுகளை நகர்த்துகிற சத்தம். உள்ளே நான் மட்டும்.

அந்த அம்மாவால் அன்று ஓட்டுப் போட முடியாமல் போனது என்னால். ஆகவே அவருக்கு நான் ஒரு ஓட்டு கடன்பட்டிருந்தேன். அதை அன்றைக்கே, ஆறு மணிக்குள், கொடுத்துவிட வேண்டும். மறுநாள் கொடுக்க முடியாத கடன் அது. அவர் யாருக்குப் போடுவார் என்று அவர் கணவருக்கே தெரியாது. எனக்குத் தெரியும். பட்டியலில் இருக்கிறது. ஊசியம்மாவின் சின்னத்துக்கு நேரே அழுத்தினேன். முப்பத்தோரு வருடத்தில் முதல்முறை. யாரும் பார்க்கவில்லை.

மற்ற ஐந்து பேரும் அப்போது நினைவுக்கு வரத்தான் செய்தார்கள். ஆனால் அவர்கள் யாரும் தேர்தல் நாளில் இறக்கவில்லை. அவர்களுடைய ஓட்டு எதுவும் என்னால் வீணாகவில்லை.

வெளியே வந்தபோது மனம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. யாருக்கும் எதையும் பாக்கி வைத்து எனக்குப் பழக்கமில்லை, ஐயா.